மாடி அறையில் கீரை ரேக்குக்கு எந்த ஸ்பிளிட் ஏசி? கடையில் 1 டன் போதும் என்கிறார்கள்

மலைக்கோட்டை_பச்சை

வணக்கம் எல்லாருக்கும். ஊர் திருச்சி. வீட்டு மொட்டை மாடியில் சும்மா கிடந்த ஓர் அறையை உள்ளரங்கக் கீரை வளர்ப்புக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். 12க்கு 10 அடி, உயரம் 10 அடி, மேலே கான்கிரீட் தளம், மேற்குச் சுவரில் மதியம் இரண்டு மணியிலிருந்து வெயில் நேராக அடிக்கும். லெட்டூஸ், பாக் சோய், கொஞ்சம் இத்தாலியன் பேசில். உள்ளூரில் சில கஃபேக்களும் ஒரு ஹோட்டலும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். ரேக் நான்கு, ரேக்குக்கு நான்கு தட்டு, தட்டுக்கு 150 வாட் எல்.இ.டி., ஆக 2,400 வாட், தினமும் 16 மணி நேரம் எரியும். பம்ப், சுற்று விசிறி எல்லாம் சேர்த்து இன்னொரு 300 வாட். உரக்கரைசல் தொட்டியும் அதே அறையில்தான்.

ஏசி கடையில் கேட்டால் "120 சதுர அடிதானே சார், 1 டன் தாராளம்" என்கிறார்கள். இன்னொரு கடையில் மாடி அறை என்றதும் 1.5 டன் என்றார்கள், ஆனால் விளக்கைப் பற்றி ஒருவரும் கேட்கவே இல்லை. சரி, இணையத்தில் பார்க்கலாம் என்று க்ரோ ரூம் ஏசி என்று தேடினால் வருவதெல்லாம் கனடாக்காரர்களும் அமெரிக்கக்காரர்களும் கஞ்சா வளர்க்கிற கதை. அவர்களுக்கு வெளியே பனி கொட்டும்போது அவுட்டோர் யூனிட் ஓடுமா என்பது கவலை, எனக்கு வெளியே 40 டிகிரி.

கேள்வி மூன்று. எத்தனை டன்? கம்ப்ரசர் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற இன்வெர்ட்டர் ஏசியா, பழைய மாதிரியா? நின்று உழைக்கிற பிராண்ட் எது? உள்ளே 22 முதல் 24 டிகிரி வேண்டும், வருஷம் முழுக்க.

குளிர்பதனி_கோவை

ஏசி வேலைதான் என் தொழில், அதனால் நீட்டித்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சதுர அடிக் கணக்கு என்பது இரண்டு பேர் படுத்துத் தூங்குகிற அறைக்கு. உங்கள் அறைக்கு வாட் கணக்குதான். விளக்குக்குக் கொடுக்கும் மின்சாரம் அவ்வளவும் கடைசியில் அறைக்குள் சூடாகத்தான் நிற்கும். எல்.இ.டி. சூடாகாது என்று விற்பவர் சொல்வார், அது பழைய சோடியம் விளக்கோடு ஒப்பிட்டுச் சொல்வது. வெளிச்சமாகப் போன பங்கும் இலையிலும் சுவரிலும் பட்டுச் சூடாகிவிடும், செடி ஒளிச்சேர்க்கையில் பிடித்து வைத்துக்கொள்வது கணக்கில் சேர்க்கிற அளவுகூட இல்லை. சூட்டை அளக்கிற அலகு பி.டி.யு., ஒரு வாட்டுக்கு மணிக்கு 3.41 பி.டி.யு., ஒரு டன் என்றால் 12,000 பி.டி.யு., அதாவது சுமார் 3.5 கிலோவாட். உங்கள் 2,700 வாட்டுக்கு மட்டும் 9,200 பி.டி.யு., முக்கால் டன் அங்கேயே போச்சு. இதற்கு மேல்தான் தளமும் மேற்குச் சுவரும். ஒழுங்காகத் தடுப்பு போட்டிருந்தால் அதற்கு ஒரு கிலோவாட் வைத்துக்கொள்ளலாம். தடுப்பே இல்லாத மாடி அறை என்றால் மே மாதத்தில் அது இரண்டு மடங்கு ஆனாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

ஆக 3.7 கிலோவாட், ஒரு டன்னுக்குச் சற்று மேல். ஆனால் ஏசிப் பெட்டியில் போட்டிருக்கும் டன், வெளியே 35 டிகிரி இருக்கும்போது சோதித்த அளவு. வெயிலில் வறுபடும் மொட்டை மாடியில் அவுட்டோரைச் சுற்றிலும் 45ஐத் தொடும், அந்த நேரத்தில் 10 முதல் 15 சதவீதம் கழித்துவிட்டுக் கணக்குப் போடுவது என் வழக்கம். 1 டன் போட்டால் சித்திரை மதியத்தில் மூச்சு முட்ட ஓடி, 28 டிகிரிக்குக் கீழே இறங்காமல் நிற்கும். 1.5 டன்னுக்குக் கீழே போகாதீர்கள்.

அதற்கு முன்னால் ஒன்று. ஏசிக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கைத் தளத்துக்குச் செலவழியுங்கள். மேலே வெள்ளைக் கூல் ரூஃப் பெயின்ட், உள்ளே தளத்துக்குக் கீழேயும் மேற்குச் சுவரிலும் இரண்டு அங்குலத் தெர்மாகோல் அல்லது எக்ஸ்.பி.எஸ். என்கிற கெட்டியான நுரைப் பலகை, இணைப்புகளில் இடைவெளி இல்லாமல் டேப். முடிந்தால் நடுவில் நுரை அடைத்த பஃப் பேனல். அப்புறம் எல்.இ.டி. டிரைவர்கள், அதாவது விளக்குக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டிகள், தனியாகக் கழற்றி மாட்டுகிற வகையாக இருந்தால் அவற்றை அறைக்கு வெளியே சுவரில் மாட்டுங்கள். டிரைவரில் வீணாகும் ஏழெட்டு சதவீத மின்சாரம் வெளியிலேயே சூடாகப் போய்விடும், அதை ஏசி தூக்கிச் சுமக்க வேண்டாம்.

இன்வெர்ட்டர்தான், சந்தேகமே இல்லை. உங்களுக்கு ஏசி நாள் முழுக்க ஓடும். ஸ்டார் லேபிளில் வருஷத்துக்கு இத்தனை யூனிட் என்று போட்டிருப்பார்களே, அது வருஷத்துக்கு 1,600 மணி நேரம் ஓடும் என்று வைத்துப் போட்டது. உங்கள் ஏசி அதைப் போல நான்கைந்து மடங்கு ஓடும். ஐந்து ஸ்டாருக்குக் கூடக் கொடுக்கிற விலை வீட்டுக்காரருக்குத் திரும்பி வர வருஷங்கள் ஆகும், உங்களுக்குச் சீக்கிரமே வந்துவிடும். ஆனால் லேபிளில் எந்த ஆண்டு என்றும் பாருங்கள், அளவுகோல் கடுமையாகிக்கொண்டே வருகிறது, பழைய ஐந்து ஸ்டார் இன்றைய ஐந்து ஸ்டார் ஆகாது.

ஈசிஆர்_தோட்டக்காரி

கோவை சார் சூட்டுக் கணக்கைச் சரியாகச் சொல்லிவிட்டார், ஆனால் உங்கள் அறையைக் கெடுக்கப் போவது சூடு இல்லை, ஈரம். நான் சென்னையில் கடற்கரை ஓரமாக இதே பயிர்களைத்தான் வளர்க்கிறேன்.

பதினாறு தட்டு முழுக்க வளர்ந்த லெட்டூஸ் நிற்கும்போது நாளைக்குப் பதினைந்து இருபது லிட்டர் தண்ணீரை ஆவியாக விடும். அந்த நீராவியை ஏசி காயிலில், அதாவது உள்ளே குளிர்கிற குழாய்ச் சுருளில், பிடித்து ட்ரெய்ன் பைப் வழியாக வெளியே தள்ள வேண்டும். ஒரு லிட்டருக்குக் கிட்டத்தட்ட 0.7 யூனிட் சூடு அதில் ஒளிந்திருக்கிறது. பயப்பட வேண்டாம், இது புதிதாக வரும் சூடு இல்லை, உங்கள் விளக்கின் சூட்டிலேயே ஒரு பங்குதான் இப்படி உருமாறி வருகிறது. விளக்கு எரியும்போது பிரச்சினை இல்லை, கம்ப்ரசர் ஓடும், காயில் சில்லென்று இருக்கும், தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். விளக்கு அணைந்ததும்தான் கதை மாறும். சூடு திடீரென்று விழுந்துவிடும், ஏசி ஐந்து நிமிஷத்தில் 23ஐத் தொட்டுவிட்டு ஓய்ந்துவிடும், செடியோ, தொட்டியோ ஓய்வதில்லை. இன்வெர்ட்டர் என்றால் முழுசாக நிற்காமல் மெதுவாக உருளும், அப்போது காயில் அவ்வளவு குளிராக இருக்காது, அறை குளிரும், ஈரம் அப்படியே நிற்கும். போதாக்குறைக்குச் சில மாடல்களில் கம்ப்ரசர் நின்ற பிறகும் உள்விசிறி சுற்றிக்கொண்டே இருக்கும், காயிலில் ஒட்டிய தண்ணீரை மறுபடி அறைக்குள்ளேயே ஊதிவிடும். 24 டிகிரியில் 70 சதவீதம் ஈரம் இருக்கிற காற்றை 20க்கு இறக்கிப் பாருங்கள், ஒரு சொட்டு நீர் சேர்க்காமலே 90ஐ ஒட்டிப் போய்விடும்.

அதன் பலன் லெட்டூஸில் உள் இலை நுனி கருகல், கால்சியம் எவ்வளவு ஊற்றினாலும் நிற்காது, ஏனென்றால் இலை நீரை விடாவிட்டால் கால்சியம் நுனிவரை ஏறாது. பேசிலில் அடிச்சாம்பல் நோய், இலைக்குக் கீழே சாம்பல் பூத்தால் அந்தத் தட்டையே தூக்கி எறிய வேண்டியதுதான்.

இதற்கு மூன்று வழி. காற்றின் ஈரத்தை இழுக்கிற டீஹியூமிடிஃபையர் ஒன்று தனியாக வாங்கலாம், அது தின்கிற மின்சாரமும் அறைக்குள்ளேயே சூடாக வரும், ஏசி கணக்கில் அதையும் கூட்டுங்கள். இரண்டாவது, ஏசி விசிறியை எப்போதும் குறைந்த வேகத்தில் வையுங்கள், காயில் அதிகம் குளிர்ந்து ஈரத்தை நன்றாக இழுக்கும். மூன்றாவதுதான் நான் செய்வது, காசு செலவில்லாதது: எல்லா விளக்கையும் ஒரே நேரத்தில் அணைக்காதீர்கள். தட்டுகளை மூன்று பிரிவாகப் பிரித்து ஒவ்வொரு பிரிவுக்கும் எட்டு மணி நேர இருட்டை வெவ்வேறு நேரத்தில் கொடுங்கள். எந்த நேரமும் மூன்றில் இரண்டு பங்கு எரிந்துகொண்டிருக்கும், அதாவது 2,400 வாட் ஏறி இறங்குவதற்குப் பதில் 1,600 வாட்டாக நாள் முழுக்க ஒரே சீராக நிற்கும். ஏசியும் ஒரே சீராக உழைக்கும், ஈரமும் நாள் முழுக்க இழுபடும், உச்சச் சுமையும் குறையும். பக்கத்துத் தட்டு வெளிச்சம் கொஞ்சம் கசிந்தால் லெட்டூஸ் கண்டுகொள்ளாது, உறுத்தினால் ஒரு கருப்பு வெள்ளை ஷீட்டைத் திரையாகத் தொங்கவிடுங்கள்.

பிராண்ட் பற்றி அப்புறம் வருகிறேன், பால்காரர் வந்துவிட்டார்.

மலைக்கோட்டை_பச்சை

அக்கா, மூன்று பிரிவு யோசனை எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி. ரிமோட்டில் டிரை மோடு என்று ஒன்று இருக்கிறதே, இருட்டு நேரத்தில் அதைப் போட்டால் டீஹியூமிடிஃபையர் வேலையைச் செய்யாதா? ஒரு நண்பர் அதுவே போதும் என்றார்.

குளிர்பதனி_கோவை

டிரை மோடும் குளிர்விக்கிற வேலைதான், விசிறியை மெதுவாக்கி கம்ப்ரசரை விட்டு விட்டு ஓட்டும், அவ்வளவே. மழைக்காலத்தில் படுக்கையறைக்கு நல்லது. உங்கள் அறையில் குளிர்விக்கவே சூடு மீதி இல்லாத நேரத்தில் அது அறையை 19, 18க்கு இறக்கிவிடும், ஈர சதவீதம் ஏறித்தான் நிற்கும். அக்கா சொன்ன சுழற்சி முறைதான் நல்லது.

ஆனால் ஒரு இடத்தில் அவரோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. திருச்சியில் மே மாதம் பகல் 39, 40, விடியற்காலை 27, 28. மொத்த விளக்கையும் மாலை ஐந்து மணிக்குப் போட்டுக் காலை ஒன்பதுக்கு அணைத்தால் ஏசி பெரும்பாலும் குளிர்ந்த காற்றில் உழைக்கும், கரண்டும் மிச்சம், கம்ப்ரசருக்கும் ஆயுள். வெயில் கொளுத்தும் நேரத்தில் தளத்திலிருந்து இறங்கும் சூட்டை மட்டும் சமாளித்தால் போதும்.

ஈசிஆர்_தோட்டக்காரி

அதில் நியாயம் இருக்கிறது, தடுப்பு சரியில்லாத அறையில் நானும் அதைத்தான் சொல்வேன். பகலில் தளமே சூட்டைக் கொடுப்பதால் இருட்டு நேரத்திலும் ஏசிக்கு வேலை இருக்கும், ஈரமும் இறங்கும். ஆனால் இவர் தெர்மாகோல் எல்லாம் போட்டு அறையை ஐஸ் பெட்டி மாதிரி அடைத்த பிறகு பகல் இருட்டில் ஏசிக்கு வேலை இருக்காது, ஈரம் தேங்கும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் இன்னும் மோசம். கோடையில் உங்கள் வழி, மழையில் என் வழி என்று டைமரை மாற்றிக்கொள்ளலாம், செடிக்கு நேரம் மாற்றினால் இரண்டு மூன்று நாளில் பழகிவிடும்.

பிராண்ட் விஷயம். கடற்கரையில் இருப்பதால் எனக்கு முதல் எதிரி உப்புக் காற்று. காயில் செம்பா என்று கேளுங்கள், அதன் மேல் பூச்சு இருக்கிறதா என்று கேளுங்கள், நீலமோ தங்க நிறமோ பெயர் எதுவானாலும் சரி. திருச்சியில் உப்பு இல்லை, ஆனால் பேசிலுக்குக் கந்தகம் புகைக்கிற பழக்கம் சிலருக்கு உண்டு, ஏசி இருக்கிற அறையில் அதைச் செய்யவே கூடாது, செம்புக் காயிலைக் கந்தகம் அரித்துத் தின்றுவிடும். டைக்கின், மிட்சுபிஷி, ப்ளூ ஸ்டார், ஹிட்டாச்சி, பானாசோனிக், எல்ஜி, வோல்டாஸ் எல்லாவற்றிலும் நல்ல மாடலும் உண்டு, விலைக்காகக் குறைத்துச் செய்த மாடலும் உண்டு. நான் வாங்கியது ஒரு பெரிய பெயர்தான், முதல் கோடையிலேயே ஏசியின் கன்ட்ரோல் போர்டு போய் உதிரிக்கு இரண்டு வாரம் காக்க வைத்தார்கள், பெயர் வேண்டாம், ஏனென்றால் அதே கம்பெனி கோயம்புத்தூரில் மறுநாளே வருகிறதாம். உங்கள் ஊரில் யாருக்குச் சொந்த சர்வீஸ் சென்டர் இருக்கிறது, போர்டு கையிருப்பில் இருக்கிறதா, இதை விசாரித்துவிட்டு வாங்குங்கள். வாரண்டி அட்டையில் வீட்டுப் பயன்பாடு, வணிகப் பயன்பாடு என்று பிரித்திருப்பார்கள், அதையும் படியுங்கள்.

ட்ரெய்ன் தண்ணீரைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் சொல்லிவிடுகிறேன். உங்கள் போர் தண்ணீரில் டி.டி.எஸ்., அதாவது கரைந்த உப்பின் அளவு, 1,000ஐத் தாண்டுகிறது என்றால் ஏசி சொட்டும் தண்ணீர் பெரிய உதவி, கிட்டத்தட்ட உப்பே இல்லாத நீர். காயில் செம்பு என்பதால் கொஞ்சம் செம்பு கலந்திருக்கலாம், தூசியும் பாசியும் இருக்கும், அதனால் வடிகட்டி ஆர்.ஓ. தண்ணீரோடு கலந்துதான் தொட்டியில் ஊற்றுகிறேன்.

சிப்பி_காளான்_கிருஷ்ணகிரி

நான் கீரைக்காரன் இல்லை, காளான். ஆனாலும் ஏசி அறையோடுதான் பிழைப்பு, அதனால் நுழைகிறேன்.

ஒன்றரை டன் ஒன்று வாங்காதீர்கள். ஒரு டன் இரண்டு வாங்குங்கள். எவ்வளவு நல்ல மெஷினாக இருந்தாலும் ஒரு நாள் நிற்கும், அது ஞாயிற்றுக்கிழமை மதியமாகத்தான் இருக்கும். நம்பகமான ஏசி என்று ஒன்றைத் தேடி அலைவதை விட நம்பகம் குறைந்த இரண்டு இருப்பது மேல். ஒன்று போனாலும் மற்றது அறையை 27, 28ல் பிடித்து வைக்கும், பயிர் வாடும், சாகாது. அக்கா சொன்ன மாதிரி விளக்குச் சுமையை 1,600 வாட்டுக்கு இறக்கிவிட்டால் விளக்கு, பம்ப், சுவர் எல்லாம் சேர்ந்து 3 கிலோவாட்டுக்குள், அதற்கு ஒரு டன் ஒன்றே பெரும்பாலான நாட்கள் தாங்கும். இரண்டையும் சேர்த்து ஓட்டினால் ஒவ்வொன்றும் பாதி வேகத்தில் ஓடும். அல்லது வாரம் ஒன்று என்று மாற்றி மாற்றி ஓட்டுங்கள், ஒன்றை நிறுத்தி வாட்டர் சர்வீஸ் செய்யவும் வசதி. இப்போது வரும் இன்வெர்ட்டர்களில் 40 சதவீதம், 60, 80 என்று திறனைக் கட்டிப்போடுகிற மோடு இருக்கிறது, அதுவும் உதவும்.

எங்கள் தொழிலில் எல்லாம் தலைகீழ். சிப்பிக் காளானுக்கு ஈரம் 85, 90 சதவீதம் வேண்டும், ஏசி அதை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், நாங்கள் தெளித்துக்கொண்டே இருப்போம். காளான் உதிர்க்கும் வித்துத்தூள் காயிலில் படிந்து பிசினாக அப்பிக்கொள்ளும், ஃபில்டர் மட்டும் கழுவினால் போதாது. பால் காளான் போடுகிற நண்பர்களுக்கு ஏசியே வேண்டாம், அது 30, 35ல் ஜோராக வரும், அதைப் பார்த்தால் வயிறு எரியும். இன்னொரு வித்தியாசம், எங்கள் அறையில் கார்பன் டை ஆக்சைடு கூடிவிடும், உங்கள் அறையில் செடி அதைத் தின்று தீர்த்துவிடும். ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டு வராது, உள்ளே இருப்பதையே சுற்றிவிடும், பலருக்கு இது தெரியாது. அடைத்த அறையில் விளக்கு எரிய எரிய வளர்ச்சி மந்தமாகும். காலையிலும் மாலையிலும் குளிர்ந்த நேரமாகப் பார்த்து எக்ஸாஸ்ட்டைக் கொஞ்ச நேரம் போடுங்கள், வலை கட்டி, இல்லாவிட்டால் வெள்ளை ஈ வாடகை இல்லாமல் குடிவரும்.

குளிர்பதனி_கோவை

இரண்டு மெஷின் யோசனைக்கு என் ஓட்டும் உண்டு. இப்போது மாட்டுகிற வேலையைப் பற்றி, ஏனென்றால் நான் பார்க்கிற கேஸ் லீக்கில் முக்கால்வாசி கம்பெனியின் தப்பு இல்லை, மாட்டினவர் தப்பு.

மாட்ட வருபவரிடம் பைப்பில் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கிற வேக்கம் பம்ப் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். சீசனில் ஒரு நாளைக்கு ஆறு ஏழு மாட்டுகிற பையன்கள் வேக்கம் போட மாட்டார்கள், அவுட்டோரில் இருக்கும் கேஸைக் கொஞ்சம் திறந்துவிட்டுப் பைப்பில் இருக்கும் காற்றைத் தள்ளிவிட்டு நட்டை முறுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். பைப்பில் தங்கிய ஈரம் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி மெதுவாகக் கம்ப்ரசரைத் தின்னும், வீட்டில் வருஷத்துக்கு மூன்று மாதம் ஓடுகிற ஏசியில் அது தெரியாது, உங்களிடம் தெரியும். ஆர்-32 கேஸ் லேசாகத் தீப்பிடிக்கக் கூடியது, ஆர்-290 என்பது புரொப்பேன், நன்றாகவே பிடிக்கும், அதனால் இப்படிக் கேஸைத் திறந்துவிடுவது ஆபத்தும் கூட. நைட்ரஜன் போட்டு அழுத்தம் பார்த்து, அப்புறம் வேக்கம், அதுவும் அரை மணி நேரமாவது, மீட்டர் வைத்துப் பார்த்து. கூடுதலாகக் காசு கேட்டால் கொடுத்துவிடுங்கள். பைப் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது, பெட்டியோடு வருவது பெரும்பாலும் 3 மீட்டர், அதற்குள் முடித்துவிடப் பாருங்கள்.

அவுட்டோரை மேற்கில் வைக்காதீர்கள். வடக்கு அல்லது கிழக்கு, மேலே நிழலுக்கு ஒரு ஷீட், ஆனால் காற்று வெளியே போகும் முகத்துக்கு முன்னால் சுவர் இருக்கக் கூடாது. இரண்டு அவுட்டோரையும் எதிரெதிரே வைத்து ஒன்றின் சூட்டை மற்றது குடிக்கிற மாதிரி மாட்டியதையும் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் பல்லி. சிரிக்காதீர்கள், இன்வெர்ட்டர் ஏசியில் போர்டு போவதற்கு மின்னழுத்தம் ஏறி இறங்குவது ஒரு காரணம், பல்லி இன்னொரு காரணம். அவுட்டோரில் போர்டு இருக்கிற இடம் கதகதப்பாக இருப்பதால் உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும், இரண்டு முனையைத் தொட்டால் அதுவும் போச்சு, போர்டும் போச்சு. போர்டு சீல் செய்த பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள், ஒயர் நுழையும் ஓட்டைகளைச் சிலிக்கான் போட்டு அடையுங்கள். இன்வெர்ட்டருக்கு ஸ்டெபிலைசர் தேவையில்லை என்று பெட்டியில் போட்டிருப்பார்கள், அது தாங்கும் வோல்டேஜ் எல்லைக்குள் உங்கள் லைன் இருந்தால் தேவையில்லைதான், மாடிக்குப் போகிற ஒயர் மெலிசாக இருந்து வோல்டேஜ் இறங்கினால் தேவை. திடீரென்று எகிறும் மின்னழுத்தத்தைத் தடுக்கிற சர்ஜ் அரெஸ்டர் எப்படியும் போடுங்கள்.

வயர்மேன்_தஞ்சை

ஏசி பற்றி எல்லாம் வந்துவிட்டது, கரண்ட் பற்றி யாரும் பேசவில்லை. விளக்கு நாளைக்கு 38 யூனிட், பம்ப் விசிறி 7, ஏசி 20ஐ ஒட்டி. 65 யூனிட் என்று வைத்தால் இரண்டு மாத பில்லில் சுமார் 4,000 யூனிட். வீட்டு இணைப்பில் இதை ஓட்டி விற்பனை செய்தால் ஈ.பி. ஸ்குவாட் வந்தால் அபராதம் போடுவார்கள், வீட்டுக் கட்டணத்தின் 100 யூனிட் இலவசத்தை நம்பி உட்கார வேண்டாம். தனி மீட்டர், மூன்று ஃபேஸ், எந்தக் கட்டணப் பிரிவில் தருவார்கள் என்று செக்‌ஷன் ஆபீசில் உதவிப் பொறியாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மாதக் கணக்கில் லாபம் நிற்பதும் நிற்காததும் ஏசி பிராண்டில் இல்லை, இதில்தான்.

அடுத்தது பாதுகாப்பு. ஏசி நின்று விளக்கு மட்டும் எரிந்தால் அடைத்த அறை ஒரு மணி நேரத்தில் 40ஐத் தாண்டும். அதனால் விளக்கு லைனில் ஒரு டெம்பரேச்சர் கன்ட்ரோலர், முட்டை இன்குபேட்டருக்கு எல்லாரும் வாங்குகிற மலிவான டிஜிட்டல் வகையே போதும், 30 டிகிரி தாண்டினால் விளக்கை அணைக்கிற மாதிரி அமையுங்கள். அந்தச் சின்ன ரிலேவிலேயே 2,400 வாட்டையும் மாட்டிவிடாதீர்கள், எல்.இ.டி. டிரைவர்கள் போடும் நொடியில் இழுக்கும் கரண்டில் ரிலே ஒட்டிக்கொள்ளும், பிறகு அணையவே அணையாது. ரிலே, பெரிய கரண்டைத் தாங்கும் சுவிட்சான கான்டாக்டரை இயக்க வேண்டும், கான்டாக்டர் விளக்கை இயக்க வேண்டும்.

ஏசிக்கு ஸ்மார்ட் பிளக் போட்டுப் படக்கென்று கரண்டை வெட்டுகிற வேலையும் வேண்டாம். ரிமோட் மாதிரி சிக்னல் அனுப்புகிற ஐ.ஆர். கருவி இருக்கிறது, அதை வாங்குங்கள். கரண்ட் போய் வந்தால் ஏசி தானாகத் திரும்ப ஓடுமா என்று கடையிலேயே பிளக்கைப் பிடுங்கிச் சோதித்துப் பாருங்கள். 2020லிருந்து ஸ்டார் லேபிள் ஏசி எல்லாவற்றுக்கும் தொடக்க அளவு 24 டிகிரி என்று விதி, அதனால் நீங்கள் வைத்த 22க்கே திரும்புகிறதா, 24ல் நிற்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

மலைக்கோட்டை_பச்சை

எல்லாருக்கும் பெரிய நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. முதலில் தளத்துக்கும் மேற்குச் சுவருக்கும் பலகை, டிரைவர்கள் வெளியே. ஒரு டன் ஐந்து ஸ்டார் இன்வெர்ட்டர் இரண்டு, பிராண்ட் எது என்பதை இங்கே தில்லை நகர், கண்டோன்மென்ட் பக்கம் சர்வீஸ் சென்டர்களில் போர்டு கையிருப்பை விசாரித்த பிறகு. செக்‌ஷன் ஆபீசுக்குத் திங்கட்கிழமை போகிறேன். 4,000 யூனிட் என்பதைப் படித்ததும் விலைப் பட்டியலைத் திரும்பப் போட உட்கார்ந்துவிட்டேன், பாக் சோய் இந்த விலைக்குக் கட்டாது போல இருக்கிறது, பேசிலையும் லெட்டூஸையும் மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று யோசனை.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. இண்டோர் இரண்டையும் ஒரே சுவரில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டலாமா? ரேக்கின் மேல்தட்டு ஏழு அடி உயரத்துக்கு வருகிறது, காற்று நேராக அதில் அடிக்கும்.

குளிர்பதனி_கோவை

பக்கத்தில் பக்கத்தில் வேண்டாம், ஒன்றின் குளிர்காற்று மற்றதன் சென்சாரில் பட்டால் இரண்டும் குழம்பி நின்று நின்று ஓடும். குட்டைச் சுவர்கள் இரண்டிலும் எதிரெதிரே, ஆனால் சற்று விலக்கி மாட்டுங்கள். ரேக்குகளுக்கு நடுவில் நடக்கிற பாதைக்கு நேர் மேலே காற்று போகிற மாதிரி. காற்றைத் திருப்புகிற லூவர் தகட்டை மேலே தூக்கி வைத்தால் காற்று தளத்தை ஒட்டிப் போய் மெதுவாக இறங்கும், மேல்தட்டில் அடிக்காது. தட்டுக்குத் தட்டு காற்றைக் கொண்டு போவது உங்கள் சின்ன விசிறிகளின் வேலை. தெர்மாமீட்டரை ஏசிக்குக் கீழே மாட்டாதீர்கள், நடு ரேக்கில், செடி உயரத்தில், விளக்கு வெளிச்சம் படாமல் ஒரு மூடி போட்டு வையுங்கள்.

ஈசிஆர்_தோட்டக்காரி

கரைசல் தொட்டியிலும் ஒரு தெர்மாமீட்டர் போடுங்கள். காற்று 23 இருக்கும், உள்ளே முங்கி ஓடுகிற பம்ப்பின் சூட்டில் தண்ணீர் 27க்குப் போயிருக்கும், 25ஐத் தாண்டினால் லெட்டூஸுக்கு வேர் அழுகல் வாசலில் நிற்கிறது என்று அர்த்தம். பம்ப்பைத் தொட்டிக்கு வெளியே வைக்கிற வகையாக மாற்றுங்கள். பாக் சோயை விட்டுவிடலாம், பேசிலை விடாதீர்கள்.